பிறவியிலேயே கெட்டவன் யார்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று பேசும்படி நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் ஒரு இங்கிலீஷ் மாயக் கதை. மோதிரம் ஒன்று; அதைத் தேடும் இருட்டரசன் ஒருவன்; அவனுக்கு எதிராகப் புறப்படும் ஒன்பது பேர்; மந்திரவாதிகள், பேசும் மரங்கள், பறக்கும் பிராணிகள். தலைவர் அவர்கள் முன்னுரையில், "பேயும் இல்லை, பில்லிசூனியமும் இல்லை என்று ஊரூராய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறவருக்கு இந்தப் புத்தகத்தில் என்ன வேலை?" என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

மாயக் கதை என்பதற்காக ஒரு புத்தகத்தின்மேல் நமக்கு ஒருநாளும் கோபம் கிடையாது. கதையைக் கதையென்று சொல்லி, அதற்கு ஒரு விலையும் போட்டு விற்கிறவன் யோக்கியமான வியாபாரி. அதே கதையை "நடந்தது" என்று சொல்லி, "சந்தேகப்பட்டால் நரகம்" என்று மிரட்டி, அதை வைத்துக்கொண்டு தட்சணை வாங்குகிறானே, அவனோடுதான் நமக்கு வழக்கு. இந்தக் கதையில் வரும் ஃப்ரோடோவுக்கு யாரும் தேங்காய் உடைப்பதில்லை. மோதிரம் அழிந்ததாகக் கதையில் சொல்லப்படும் மார்ச்சு 25-ம் தேதியை இங்கிலாந்திலுள்ள டோல்கின் சங்கத்தார் 2003-ம் வருஷம் முதல் வாசிப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என்ன செய்கிறார்கள்? புத்தகத்தைப் படிக்கிறார்கள், அவ்வளவே. பட்டினி கிடப்பதில்லை, மொட்டை அடித்துக்கொள்வதில்லை, "படிக்கக்கூடாதவன் படித்துவிட்டான்" என்று யாரையும் பிடித்து வெளியே தள்ளுவதுமில்லை.

ஆனால் கதையென்று தெரிந்தே படித்தாலும் படிக்கிறவன் மனதில் ஏதோ ஒன்று தங்கிவிடுகிறது. யாரைப் பார்த்து இரக்கப்படுவது, யார் செத்தால் கைதட்டுவது என்கிற பழக்கத்தைச் சிறுபிள்ளை முதற்கொண்டு நமக்கு உண்டாக்குவதில் கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சங்கதியைத்தான் இன்று பேச உத்தேசம். நாம் இங்கிலீஷைக் கல்லூரியில் கற்றவரல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட இந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தோம். ஆகையால் பண்டிதர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். உங்கள் புத்திக்குச் சரியென்று படுவதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

புத்தகத்தின் பெயர் "லார்ட் ஆப் தி ரிங்ஸ்", அதாவது மோதிரங்களின் எஜமானன். எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கின். 1892-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்துக்கு வந்து, நாலு வயதில் தகப்பனையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்து, ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் பொறுப்பில் வளர்ந்தவர். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பழைய இங்கிலீஷ் பாஷைக்குப் பேராசிரியராக இருந்தார். 1937-ல் "ஹாபிட்" என்ற சிறுவர் கதையை வெளியிட்டார். அது நன்றாக விற்கவே, பிரசுரகர்த்தர்கள் இன்னொன்று கேட்டார்கள். அவரும் அவ்வருஷமே தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டு வருஷகாலம் எழுதிக்கொண்டே போனார். சிறுவர் கதை கேட்டவர்களுக்கு மூட்டை தூக்குகிற பாரத்தில் காகிதம் வந்து சேர்ந்தது. 1954, 1955-ம் வருஷங்களில் அதை மூன்று பாகமாகப் போட்டார்கள். நஷ்டம் வருமென்று பயந்து, "செலவு வசூலாகும் வரையில் உமக்கு ஒன்றுமில்லை, அதற்குமேல் வரும் லாபத்தில் பாதி" என்று அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பயந்து செய்த அந்த ஒப்பந்தமே அவரைப் பணக்காரராக்கிற்று. 2001 முதல் 2003 வரை மூன்று சினிமாப் படங்களாகவும் வந்து, கடைசிப் படத்திற்கு 11 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. இங்குள்ள வாலிபர்களில் பெரும்பாலோர் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

இவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சண்டையைப்பற்றி எழுதினவரல்ல. 1916-ல் பிரான்சு தேசத்தில் சோம் நதிப் பக்கம் நடந்த பெரும் போரில், சேதி அனுப்பும் பிரிவில் அதிகாரியாக இருந்தார். அந்தப் போர் தொடங்கிய ஜூலை 1-ம் தேதி ஒரே நாளில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் செத்தவர்கள் மட்டும் 19,240 பேர். காயப்பட்டவர், பிடிபட்டவர், காணாமற் போனவர் எல்லாரையும் சேர்த்தால் 57,470 பேர். செத்தவர்களில் அவருடைய பள்ளித்தோழர் ஒருவரும் இருந்தார். அவ்வருஷம் முடிவதற்குள் இன்னொருவரும் போய்விட்டார். டோல்கின் எப்படித் தப்பினார் என்றால், பதுங்குகுழிகளில் பேனால் பரவுகிற ஒரு ஜுரம் அவரைப் பிடித்துக்கொண்டது. நவம்பர் மாதத்தில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இருபக்கத்துப் பாதிரிகளும் ஒரே கடவுளைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவரை அங்கிருந்து கிளப்பியது பேன்.

நிற்க. கதை இதுதான். சௌரான் என்னும் இருட்டரசன் உலகத்தையெல்லாம் அடக்கியாள உத்தேசித்து, தன் பலத்தில் பெரும்பகுதியை ஒரு மோதிரத்திற்குள் வைத்துச் செய்து, அதைப் பிறகு ஒரு சண்டையில் பறிகொடுத்துவிட்டான். அது வெகுகாலம் எங்கெங்கோ கிடந்து, பல கை மாறி, ஃப்ரோடோ என்னும் ஹாபிட்டிடம் வந்து சேருகிறது. ஹாபிட்டுகள் என்பவர்கள் குட்டையான ஜனங்கள். தோட்டம் போடுவதும், கிடைத்தால் நாளொன்றுக்கு ஆறுவேளை சாப்பிடுவதும், புகை பிடிப்பதுமே அவர்கள் வேலை. அந்த மோதிரத்தை, அது செய்யப்பட்ட எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போட்டாலொழிய அழிக்க முடியாது. அந்த மலையோ எதிரியின் நாடாகிய மோர்டாருக்குள் இருக்கிறது. ஃப்ரோடோவும், அவனுடைய தோட்டக்காரன் சாமும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். ராஜாக்களும் வீரர்களும் வெளியில் சண்டைபோட்டு எதிரியின் கவனத்தைத் தங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த ஒரு இடம் உண்டு. "அவ்வளவு பலமுள்ள மோதிரத்தை ஏன் அழிக்கவேண்டும்? நல்லவன் கையில் கொடுத்தால் அதைக்கொண்டே கெட்டவனை ஒழிக்கலாமே?" என்று கதைக்குள்ளேயே ஒருவன் கேட்கிறான். கேட்பவன் அயோக்கியனல்ல, நல்ல வீரன். அதற்கு முன்னாலேயே ஃப்ரோடோ அந்த மோதிரத்தை, எல்லாரையும்விடப் பெரியவனான காண்டால்ஃப் என்னும் மந்திரவாதியிடம் நீட்டியிருக்கிறான். அவன் நடுங்கிப்போய், வேண்டவே வேண்டாம் என்கிறான். நல்லது செய்ய வேண்டுமென்ற எண்ணத்தின் வழியாகவே அது தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தோழர்களே! "அதிகாரம் முழுவதும் எங்கள் கைக்கு வரட்டும், பிறகு பாருங்கள்" என்று சொல்லாத ஆசாமி உலகத்தில் யார்? வாங்கிக்கொண்டவர்களில், காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு மாயக் கதைக்குள் இந்தக் கேள்வியை இவ்வளவு பச்சையாக வைத்திருப்பதற்காகவே ஆசிரியருக்கு நம்முடைய வந்தனம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான்மேல் அணுகுண்டு விழுந்தபோது, டோல்கின் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், உலகத்தை அழிக்கும் காரியத்தை அமைதியாக உட்கார்ந்து திட்டம்போட்ட விஞ்ஞானிகளைப் பைத்தியக்காரர்கள் என்று வைதிருக்கிறார். விஞ்ஞானிகளை மட்டும் வைவதில் நமக்குச் சம்மதமில்லை. போடு என்று உத்தரவு கொடுத்தவர்கள் ராஜதந்திரிகள் அல்லவா? ஆனாலும் பிற்காலத்துப் பதிப்பின் முன்னுரையில் அவர் சொன்னது கவனிக்கத்தக்கது. இந்தக் கதை அந்த மகா யுத்தத்தைப் பற்றியது அல்லவென்றும், நிஜமான யுத்தத்தைப் பார்த்து எழுதியிருந்தால் மோதிரத்தை எடுத்து எதிரியின் மேலேயே பிரயோகித்திருப்பார்கள் என்றும், எதிரியின் கோட்டையை அழிக்காமல் அதைத் தாங்களே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்றும் எழுதினார். யுத்தத்தில் ஜெயித்த நாட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதுவதற்குக் கொஞ்சம் நெஞ்சு வேண்டும்.

இனி நமக்குப் பிடிக்காததைச் சொல்லுகிறோம். மூன்றாம் பாகத்தின் பெயரே "ராஜா திரும்பி வருதல்." அரகார்ன் என்பவன், வெகுகாலத்திற்கு முன் சிம்மாசனத்தை விட்டுப்போன ஒரு ராஜவம்சத்தின் வாரிசு. காடுமேடெல்லாம் திரிந்து கஷ்டப்பட்டவன், நல்லவன், தைரியசாலி, எல்லாம் சரி. ஆனால் இவன்தான் ராஜா என்பதற்குச் சாமானிய ஜனங்கள் கண்ட ருசு என்ன? இவன் கை பட்டால் வியாதி தீருகிறதாம். இது டோல்கின் புதிதாய்க் கட்டிய கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். ராஜா தொட்டால் கண்டமாலை தீரும் என்று இங்கிலாந்து தேசத்து ஜனங்கள் பல நூறு வருஷகாலம் மெய்யாகவே நம்பினார்கள். இங்கிலீஷ் அகராதி எழுதிப் பேர்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாய் இருந்தபோது, 1712-ல், தாயார் லண்டனுக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஆன் ராணியின் கையால் தொடவைத்தார். ராணியம்மாள் தொட்டு, கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு தங்கக் காசும் கொடுத்தார். நோய் தீரவில்லை. கத்தி வைத்து அறுத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். அந்தத் தழும்பு ஆயுள் முழுவதும் இருந்தது. 1714-ல் அந்த ராணி இறந்தபின் பட்டத்துக்கு வந்த ஜார்ஜ் ராஜா, இந்தத் தொட்டுத் தீர்க்கும் உத்தியோகத்தையே விட்டுவிட்டார்.

அந்த வைத்திய அத்தியாயத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ராஜா ஒரு பச்சிலை கேட்கிறான். மூலிகைப் பண்டிதர் வந்து, அதற்கு நாட்டுப்புறத்தார் சொல்லும் பெயர் இது, உயர்ந்த பாஷையில் பெயர் அது என்று வரிசையாய்ச் சொல்லி, பாட்டும் ஒன்று இருப்பதாகச் சொல்லுகிறார். இலை மாத்திரம் அவரிடம் இல்லை. பாஷைப் பண்டிதரான டோல்கின் இதை எழுதும்போது தம் கூட்டத்தாரை நினைத்துச் சிரித்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

ராஜாவுக்கு இவ்வளவு ஆலாத்தி எடுத்த அதே புத்தகத்தில், ஹாபிட்டுகளின் நாட்டில் தலைமைக்கு ஒருவரை ஓட்டுப்போட்டு எடுக்கிறார்கள். மண்வெட்டி பிடித்த சாம், கதை முடிந்தபிறகு ஏழுதடவை அந்தப் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்படுகிறான். சோம் யுத்தகளத்தில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களையும், அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்தவர்களையும் நினைத்தே சாமைப் படைத்ததாகவும், அவர்கள் தம்மைவிட எவ்வளவோ மேலானவர்கள் என்றும் டோல்கினே சொல்லியிருக்கிறார். மலைமேல் ஃப்ரோடோவுக்கு நடக்கச் சக்தி போனபோது அவனை முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறவன் இந்தத் தோட்டக்காரன்தான். ஆனால் பட்டாபிஷேகம் வேறொருவனுக்கு.

இன்னொன்று. எழுதியவர் கடைசிவரையில் பக்தியுள்ள கத்தோலிக்கர். அப்படியிருந்தும் கதையிலே கோயில் கிடையாது, பூசாரி கிடையாது, பாதிரி கிடையாது. ஒரு பட்டாளத்தார் சாப்பாட்டுக்கு முன் மேற்கே பார்த்துச் சற்று நிற்கிறார்கள், அவ்வளவுதான். மதக் கருத்து கதைக்குள்ளேயே கரைந்திருப்பதால் சடங்குகளையெல்லாம் எடுத்துவிட்டதாக ஒரு கடிதத்தில் காரணம் சொன்னார். காரணம் எதுவாயிருந்தாலும், ஆயிரம் பக்கத்தில் ஒரு இடத்திலாவது ஒருவன் வந்து காணிக்கை கேட்காத புத்தகத்தைப் படிப்பது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது!

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இருட்டரசனுடைய படையில் பெரும்பகுதி ஓர்க் என்னும் கூட்டத்தார். நம் பாட்டிகள் சொல்லும் அரக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணல் கால், நீண்ட கை, கோரமான முகம். ஆனால் அவர்கள் மிருகங்களல்ல. பேசுகிறார்கள், பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், கொல்லுப்பட்டறை வைத்து ஆயுதம் செய்கிறார்கள், காயத்துக்கு மருந்து போடுகிறார்கள். மோர்டார் பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் இருக்கிறது. "உன் பேரையும் நம்பரையும் மேலே எழுதிவிடுவேன்" என்று ஒருவனை ஒருவன் மிரட்டிக்கொள்கிறான். நம்பர் போட்டு வரிசையில் நிறுத்துவது யாரை? வேலை வாங்குவதற்கு நிறுத்தின ஆளைத்தானே?

இவர்களைக் கொல்லுவதில் நம் வீரர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு கோட்டைச் சண்டை நடக்கிறது. அங்கே லெகோலாஸ், கிம்லி என்ற இரண்டு சிநேகிதர்கள், யார் அதிகம் பேரைக் கொல்லுகிறது என்று பந்தயம்போல எண்ணிக்கொண்டே வெட்டுகிறார்கள். விடிந்தபிறகு கணக்குப் பார்க்கிறார்கள். ஒருவனுக்கு 41, இன்னொருவனுக்கு 42. ஒன்று அதிகம் என்று அவனுக்குச் சந்தோஷம், இவன் தோற்றதில் வருத்தப்படாமல் அவனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான். படத்தில் இந்த இடம் வரும்போது கொட்டகையே சிரிக்கிறது. நாமும் படிக்கும்போது சிரித்தவர்தாம். மனது அப்படிச் சிரிக்கும்படி கதை நம்மைத் தயார் செய்து வைத்திருக்கிறது.

அதே சண்டையில் எதிரியின் பக்கம் சேர்ந்து வந்த மலைநாட்டு மனிதர்களும் இருந்தார்கள். தோற்றபிறகு அவர்கள் பயந்து நடுங்குகிறார்கள். ஏனென்றால், பிடிபட்டால் உயிரோடு கொளுத்திவிடுவார்கள் என்று அவர்களுடைய தலைவன் பொய் சொல்லிக் கொண்டுவந்திருந்தான். இவர்களை மன்னித்து, இடிந்த இடங்களைச் சீர்ப்படுத்தச் சொல்லி, இனிமேல் படையெடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கதையின் முடிவிலும் அரகார்ன் ராஜா, எதிர்த்துச் சண்டைபோட்ட கீழ்நாட்டு மனிதர்களுக்கு மன்னிப்புக் கொடுக்கிறான், தென்னாட்டாரோடு சமாதானம் செய்கிறான், மோர்டாரில் அடிமைகளாய் உழைத்தவர்களை விடுதலை செய்து அவர்களுக்கு நிலமும் கொடுக்கிறான். இவ்வளவும் மெச்சத்தக்கதே. ஓர்க்குக்கு? ஒரு ஓர்க்காவது சரணாகதி அடைந்தான், அவனை உயிரோடு விட்டார்கள் என்று மூன்று பாகத்திலும் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

டோல்கினுக்கு எதிரியின் மனதுக்குள் புகுந்து பார்க்கத் தெரியாது என்றால் விட்டுவிடலாம். நன்றாகத் தெரியும். ஹராட் என்னும் தென்னாட்டுச் சிப்பாய் ஒருவன் அம்பு பாய்ந்து சாமின் காலடியில் விழுந்து சாகிறான். சாம் அவனைப் பார்த்து, இவன் பெயர் என்னவோ, எந்த ஊரோ, மெய்யாகவே கெட்டவன்தானா, அல்லது எந்தப் பொய்யைச் சொல்லி, எப்படி மிரட்டி இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்தார்களோ, வீட்டிலேயே இருந்திருக்க ஆசைப்பட்டானோ என்று நினைக்கிறான். சோம் சேற்றில் செத்த ஜெர்மன் சிப்பாய்களைக் கண்ட ஒருவர் எழுதிய இடம் இது. புத்தகம் முழுவதிலும் இதற்கு ஈடான இடம் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

இன்னும் கேளுங்கள். அதே பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஷாக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க் தலைவர்கள் சுரங்கப்பாதையில் பேசிக்கொண்டு போகிறார்கள். என்ன பேசுகிறார்கள்? மேலதிகாரிகளைப்பற்றிக் குறை, ஒற்றர்களைப்பற்றிப் பயம், சண்டை சரியாக நடக்கவில்லையோ என்ற கவலை. ஒருவன் சொல்லுகிறான்: இந்தச் சண்டை முடிந்தபிறகு, நம்பிக்கையான சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு, பெரிய எஜமானர்கள் தொல்லையில்லாத இடமாய்ப் பார்த்துப் போய்விடலாமா என்று. போய்க் கொள்ளையடிக்கத்தான் உத்தேசிக்கிறான், யோக்கியனல்ல. ஆனாலும் எஜமானன் இல்லாத இடம் வேண்டுமென்கிறான். மயங்கிக் கிடக்கும் ஃப்ரோடோவைப் பார்த்து, கூட வந்தவன் இவனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான், எல்ஃபுகளின் வழக்கமான காரியம் இது என்றும் சொல்லுகிறார்கள். அதாவது கூட்டாளியைக் கைவிடுவது தப்பு என்பது ஓர்க்குக்கும் தெரிந்திருக்கிறது. இந்தப் பேச்சையெல்லாம் கற்பனை செய்து காதில் விழவைத்த அதே ஆசிரியர், பேசி முடித்ததும் அவர்களை மறுபடியும் வெட்டுவதற்குரிய சாமான்களாக ஆக்கிவிடுகிறார். இதுதான் நம்முடைய ஆக்ஷேபணை.

நாம் வெளியிலிருந்து ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து வைக்கவில்லை. முதல் பாகத்தில் எல்ராண்ட் என்னும் பெரியவர் சபையில் பேசும்போது, எதுவும் தொடக்கத்திலேயே கெட்டதாக இருந்ததில்லை, சௌரானும் அப்படியே என்று சொல்லுகிறார். இருட்டரசனே பிறவிக் கெட்டவன் அல்லவென்றால், அவன் நம்பர் போட்டு ஓட்டிவந்த கூலிச் சிப்பாய் மட்டும் எப்படிப் பிறவிக் கெட்டவன் ஆவான்? அல்லாமலும் கதை முடிகிற விதத்தைப் பாருங்கள். மோதிரத்துக்கு ஆசைப்பட்டுக் கொலைசெய்து, மெலிந்து உருமாறிப்போன கோல்லம் என்ற ஒருவன் பின்னாலேயே வருகிறான். கொல்லத்தக்க சமயம் பலதடவை வாய்த்தும் பில்போவும், ஃப்ரோடோவும், கடைசியில் சாமும் இரக்கப்பட்டு அவனை விட்டுவிடுகிறார்கள். எரிமலையின் வாயில் நின்றபோது ஃப்ரோடோ மோதிரத்தைப் போட மாட்டேன், இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கதாநாயகன் தோற்றுப்போனான்! அப்போது கோல்லம் பாய்ந்து, அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்கி, கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் தப்பித்தது. எதனால் என்றால், கொல்லாமல் விட்டதனால். இவ்வளவு பெரிய கதையை இந்த ஒரு ஆணியில் தொங்கவிட்ட ஆசிரியர், அந்த இரக்கத்தில் ஒரு துளியை 42 பேரில் ஒருவனுக்காவது கொடுத்தாரா?

இதை நாம் மாத்திரம் கேட்கவில்லை. டோல்கினுக்கே இது கடைசிவரையில் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அவருடைய மதப்படி கடவுள் ஒருவர்தான் படைக்கமுடியும், சைத்தானால் படைக்க முடியாது, கெடுக்க மட்டுமே முடியும். அப்படியானால் ஓர்க் எங்கிருந்து வந்தான்? 1973-ல் அவர் இறந்தபிறகு, 1977-ல் அவர் மகன் தொகுத்து வெளியிட்ட புத்தகத்தில், எல்ஃபுகளைப் பிடித்துச் சித்திரவதை செய்து உருமாற்றப்பட்டவர்கள் என்று இருக்கிறது. பிற்காலக் குறிப்புகளில் ஒரு இடத்தில் மனிதரிலிருந்து வந்தவர்கள் என்கிறார், இன்னொரு இடத்தில் கிளிபோலப் பேசப் பழக்கப்பட்ட மிருகங்களோ என்று பார்க்கிறார். ஒன்றும் அவருக்குத் திருப்தியாகவில்லை. சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்கும் ஓர்க்கை, நமக்கு நஷ்டம் வந்தாலும் மன்னிக்கத்தான் வேண்டும் என்று அந்தக் குறிப்புகளில் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். 1993-ல்தான் அது அச்சாயிற்று. கதையைப் படித்துவிட்டுப்போன லட்சக்கணக்கான ஜனங்களில் அதைக் கண்டவர் எத்தனை பேர்? ஒரே கடவுள் எல்லாவற்றையும் நல்லதாகவே படைத்தார் என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறவிக் கெட்டவனையும் கதையில் வைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய பேராசிரியருக்கும் இந்தத் தலைவலி தீராது.

நியாயமாகப் பேசவேண்டும் என்பதற்காக இரண்டு பக்கத்துச் சாட்சியத்தையும் சொல்லிவிடுகிறோம். 1958-ல் ஒரு சினிமாக் கதையைத் திருத்தி எழுதிய கடிதத்தில், ஓர்க்குகள் தட்டை மூக்கும், மஞ்சளோடிய தோலும், சாய்ந்த கண்ணுமாய், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலியச் சாயலின் கெட்ட வடிவமாய் இருப்பார்கள் என்று எழுதினார். புத்தகத்திலும் இருட்டரசன் பக்கம் சேருகிற மனிதர்கள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறார்கள், கறுத்தவர்களாய் வருகிறார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், 1938-ல் ஜெர்மனியில் ஹாபிட் கதையை மொழிபெயர்த்துப் போட விரும்பிய கம்பெனியார், நீர் ஆரிய வம்சந்தானா என்று கேட்டு எழுதியபோது, அவர் எழுதிய பதிலில், என் முன்னோர் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதாக எனக்குத் தெரியாது என்று நையாண்டி செய்து, யூதரா என்று கேட்கிறீர்களானால், அந்தத் திறமைசாலிகளில் ஒருவர்கூட என் முன்னோரில் இல்லையே என்பதுதான் வருத்தம் என்று எழுதினார். 1959-ல் உத்தியோகத்திலிருந்து விலகும்போது செய்த பிரசங்கத்தில், தாம் பிறந்த தென்னாப்பிரிக்காவில் அப்போது நடந்துகொண்டிருந்த நிறப் பிரிவினையை வெறுப்பதாகச் சொன்னார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்த மகனுக்கு எழுதும்போதோ, நிஜத்தில் ஓர்க்குகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்று எழுதினார். ஆகவே அவரை நிறவெறியர் என்று ஒரு வார்த்தையில் சொல்லித் தள்ளுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆனால் தெரிந்தவர் என்பதற்காகப் புத்தகத்துக்குத் தள்ளுபடி கொடுப்பதற்குமில்லை. கடிதம் மகனுக்குப் போயிற்று. நாற்பத்திரண்டு என்னும் கணக்கு உலகத்துக்கெல்லாம் போயிற்று.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ருஷிய தேசத்தில் ஒருவர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். கிரில் எஸ்கோவ் என்று பெயர். பூமிக்குள் புதைந்த பழங்காலப் பிராணிகளின் எச்சங்களை ஆராயும் விஞ்ஞானி. 1999-ல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயர் "கடைசி மோதிரக்காரன்." அதிலே மோர்டார் என்பது விஞ்ஞானத்தையும் தொழிலையும் வளர்த்துக்கொண்டு, யந்திர யுகத்தில் கால் வைக்கப்போகிற நாடு. ஓர்க்குகள் மற்றவர்களைப்போல மனிதர்களே. படிப்பும் யந்திரமும் பெருகினால் தங்கள் மந்திர வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த மந்திரவாதிகளும் எல்ஃபுகளும் அந்த நாட்டை அழித்துவிட்டு, ஜெயித்தவர்கள் முறைப்படி ஒரு வீரகதையும் கட்டிவிட்டார்கள், அந்தக் கதைதான் டோல்கின் சொல்வது என்கிறார். தோற்ற பக்கத்துப் பட்டாள வைத்தியன் ஒருவனும், ஓர்க் சார்ஜண்டு ஒருவனும் அதில் கதாநாயகர்கள். 2010-ல் இதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு விலையில்லாமல் வெளிவந்தது.

கேட்டவுடன் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நமக்கும் இருந்தது. ஒரே மூச்சில் படித்தோம். ஆனால் படித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதிலே எல்ஃபுகள் ஈவிரக்கமில்லாத கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் செத்தால் நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. தோசையைத் திருப்பிப் போட்டதுபோல் ஆயிற்று. வெந்த பக்கம் கீழே போயிற்று, வேகாத பக்கம் மேலே வந்தது, கல் அதே கல்தான். இருந்தாலும் சாம் ஒரு நொடி நினைத்துவிட்டு மறந்த கேள்வியை, அதாவது செத்தவனுக்குப் பெயர் என்ன என்பதை, ஒரு புத்தகம் முழுவதும் கேட்டதற்காக எஸ்கோவ் புத்தகம் படிக்கத்தக்கது. டோல்கின் புத்தகமும் படிக்கத்தக்கதே. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இன்னும் நல்லது. முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால், டோல்கினைத்தான் சொல்லுவோம். கதை சொல்லும் சாமர்த்தியத்தில் பின்னவர் அவருக்கு அருகில் வரமாட்டார்.

நேரமாகிவிட்டது, வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். இந்த வாசகசாலையில் டோல்கினின் மூன்று பாகமும் இருப்பதாகக் காரியதரிசி சொன்னார். நாம் சொன்ன அந்த இரண்டு ஓர்க்குகளின் பேச்சு இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாலிபத் தோழர் யாராவது அதை உரக்கப் படிக்க ஏற்பாடு செய்தால், நாமும் வந்து உட்கார்ந்து, இங்கிலீஷ் தெரியாத தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்லத் தயாராயிருக்கிறோம். அகராதியையும் கொண்டுவருகிறோம்.